ஆயில் இன்ஜினுக்குச் சாணக் கேஸ்: 100 மில்லி டீசல் 15 நிமிஷம் ஓடுன கணக்கு

போன செவ்வாக்கெழம காலையில ஆறே காலுக்கு, டீசலோட சாணக் கேஸையும் குடுத்து ஆயில் இன்ஜின ஓட்டுனப்ப, டீசல் ஊத்தி வெச்ச குளுக்கோஸ் பாட்டில்ல 300 கோட்டுல இருந்து 200 கோட்டுக்கு டீசல் இறங்க 15 நிமிஷம் 20 செகண்ட் ஆச்சு, வேகம் நிமிஷத்துக்கு 1490 சுத்து, தண்ணி குழாய் நெறைய விழுந்துச்சு, சைலன்சர் வாயில வெள்ளத் துணியப் பிடிச்சுப் பாத்தா லேசா பழுப்புதான். அஞ்சு மாசமா இதுக்குத்தான் மல்லுக்கட்டுனேன். ஆனா ஒண்ணு சொல்லணும், இதே பாட்டில்ல ஐப்பசி மாசமே நான் 28 நிமிஷம் வரைக்கும் ஓட்டிருக்கேன். அப்ப அதுதான் ஜெயிச்சதுன்னு நெனச்சேன், ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். 28 நிமிஷம் தப்பு, 15 நிமிஷம் சரி, அது ஏன்னு புரியறதுக்கு டீசலப் பீச்சுற நாசில் ஒண்ணு போச்சு. டீசலக் குறைக்கிறது ரொம்ப ஈசிங்க, கேஸ் வால்வத் திறந்தா குறையும். நம்ம குடுக்குற கேஸ் உள்ள எரியுதா, இல்ல சைலன்சர் வழியா அப்படியே வெளிய போகுதான்னு பாக்குறதுலதான் வேலை பூராம் கிடக்கு. டூயல் பியூயல், அதாவது டீசலும் கேஸும் சேத்து ஓட்டுறது, பண்ணப் போறவங்க யாரா இருந்தாலும் இந்த ஒண்ண மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

நமக்கு அலங்காநல்லூர் பக்கம். ஒரு ஏக்கர் மல்லிப்பூ, அரை ஏக்கர் தீவனப்புல், ஒம்பது மாடு. பெரிய கிணத்துல கரண்ட் மோட்டார் இருக்கு, தொழுவத்துக்குப் பின்னாடி இருக்குற சின்னக் கிணத்துக்குக் கரண்ட் கிடையாது, அதுல தாத்தா வாங்கிப் போட்ட அஞ்சு எச்பி ஆயில் இன்ஜின்தான். ஒத்த சிலிண்டர், போர், அதாவது சிலிண்டர் குறுக்களவு 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகர்ற தூரம் 110, அதாவது 553 சிசி, 1500 வேகம், கம்ப்ரஷன், அதாவது காத்த அமுக்குற அளவு 16.5க்கு 1, தண்ணியில ஆறுறது. மல்லிக்குத் தண்ணி பாய்ச்சவும், பெல்ட்ட மாத்தி மாட்டி புல் வெட்டுற மெஷின் ஓட்டவும் அதுதான். இன்னொரு பக்கம் மிதக்குற டிரம் வெச்ச சாணக் கேஸ் பிளான்ட் ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு 80 கிலோ சாணி கரைச்சு ஊத்துறோம், 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர்னு கணக்கு வெச்சா மூணு கன மீட்டர் கேஸ் வருது. அம்மா அடுப்புக்கு ஒரு கன மீட்டர் எடுத்தாலும் ரெண்டு மிச்சம். டிரம் ரொம்பி ஓரத்துல குமிழி குமிழியா போறத தெனம் பாத்துக்கிட்டு, இங்கிட்டு லிட்டர் 93 ரூபா குடுத்து டீசல் ஊத்திக்கிட்டு இருந்தா மனசு கேக்குமா.

தியரி ரொம்ப வேணாம், தேவைக்கு மட்டும் சொல்றேன். சாணக் கேஸ்ல பாதிக்கு மேல, சுமார் 55ல இருந்து 65 சதவீதம் மீத்தேன், மிச்சத்துல பெரும்பகுதி கரியமில வாயு. குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான், அதனால சிஎன்ஜி டூயல் பியூயல் இன்ஜின்ல என்ன நடக்குமோ அதேதான் இங்கயும் நடக்கும், நம்ம கேஸ்ல கரியமில வாயு கலந்துருக்குறதால சூடு கம்மி. டீசல் 200 சொச்சம் டிகிரியிலேயே தானா பத்திக்கும், மீத்தேனுக்கு 500 டிகிரிக்கு மேல வேணும். அதனால டீசல் இன்ஜின்ல கேஸ மட்டும் குடுத்தா ஓடாது. காத்தோட கேஸக் கலந்து உள்ள இழுக்க விட்டு, கடைசியில கொஞ்சூண்டு டீசல் பீச்சுனா அந்த டீசல் தீக்குச்சி மாதிரி பத்தி கேஸக் கொளுத்தும். கேஸ் குடுத்ததும் வேகம் ஏறப் பாக்கும், வேகத்த ஒரே அளவுல வெக்கிற கவர்னர் தானா டீசலக் குறைக்கும். இன்ஜின்ல எதையும் வெட்ட வேண்டியதில்ல, எப்ப வேணும்னாலும் கேஸ மூடிட்டு முழு டீசல்ல ஓட்டலாம், இதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம்.

முதல்ல பண்ணுனது அளவு எடுத்தது. டீசல் டேங்க்கக் கழட்டிட்டு காலி குளுக்கோஸ் பாட்டிலக் கவுத்து ஆணியில தொங்கவிட்டு ஃபில்டர் லைன்ல சொருகுனேன், அதுல 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டே இருக்கும், போன்ல ஸ்டாப்வாட்ச். டீசல் மட்டும் ஊத்தி மல்லிக்குத் தண்ணி எடுக்குறப்ப 100 மில்லி 5 நிமிஷம் 10 செகண்ட்ல தீந்துச்சு, மணிக்கு 1.16 லிட்டர். கேஸுக்குத் தனியா மீட்டர் வாங்கல. டிரம்மோட குறுக்களவு 1.6 மீட்டர், அப்ப பரப்பு ரெண்டு சதுர மீட்டர், டிரம் ஒரு செ.மீ இறங்குனா 20 லிட்டர் கேஸ் போயிருக்குன்னு அர்த்தம். டிரம் பக்கத்துல ஒரு மரச் சட்டத்த நட்டு அதுல தையல்கார டேப்ப ஒட்டி வெச்சேன், அஞ்சு மாசமா அதுதான் என் கேஸ் மீட்டர். அளக்காம ஆரம்பிச்சிருந்தேன்னா இன்னிக்கும் அந்த 28 நிமிஷத்துலயே நின்னுருப்பேன்.

மொதத் தப்பு ஹோஸ்ல. பிளான்ட்டுல இருந்து இன்ஜினுக்கு 38 மீட்டர். வீட்டுல அடுப்புக்கு அரை இஞ்ச்தான போகுதுன்னு நானும் அரை இஞ்ச் ஹோஸ் 900 ரூபாய்க்கு வாங்கி இழுத்துட்டேன். ஏர் ஃபில்டர் வாயில முனையச் சொருகி வால்வத் திறந்தா இன்ஜின் சத்தத்துல ஒரு மாற்றமும் இல்ல. ரெண்டு நாள் வால்வு, ஜாயின்ட்டுன்னு கழட்டிக் கழட்டி மாட்டுனேன். அப்புறம் நம்ம மெக்கானிக் மாமா வந்தாரு, அவரு மதுரை புதூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. வந்ததும் ஒண்ணுதான் கேட்டாரு, "மாப்ள, இன்ஜின் கிட்ட பிரஷர் எவ்வளவு வருது, பாத்தியா?" பாக்கல. அவரே ரெண்டு முழம், உள்ள இருக்குறது தெரியிற டியூப்ப யூ மாதிரி வளைச்சு பலகையில கட்டி மஞ்சள் கரைச்ச தண்ணிய ஊத்தி, ஒரு முனைய கேஸ் லைன்ல மாட்டுனாரு. இன்ஜின் நிக்கிறப்ப ரெண்டு பக்கத்துக்கும் 9 செ.மீ வித்தியாசம் நின்னுச்சு, அதுதான் டிரம்மோட வெயிட்டுக்கு வர்ற பிரஷர். இன்ஜின ஓட்டி வால்வத் திறந்ததும் மஞ்சத் தண்ணி ரெண்டு பக்கமும் மட்டமா வந்து நின்னுருச்சு, அதாவது பிரஷர் பூராத்தையும் ஹோஸே தின்னுருச்சு. அடுப்புக்கு மணிக்கு அரை கன மீட்டர் கூடப் போகாது, இன்ஜினுக்கு ஒண்ணரைக்கு மேல வேணும், அதுவும் 38 மீட்டர் தாண்டி. ஒண்ணே கால் இஞ்ச் கருப்பு எச்டிபிஇ பைப் 40 மீட்டர் வாங்கி இழுத்தேன், 2,200 ரூபா. அதுக்கப்புறம் ஓடுறப்பவும் டியூப்ல 7 செ.மீக்குக் குறையல. அந்த மஞ்சத் தண்ணி டியூப் இப்பவும் செவத்துலதான் இருக்கு, எது மக்கர் பண்ணுனாலும் மொதல்ல அதப் பாத்துட்டுத்தான் ஸ்பேனரத் தொடுறது.

அடுத்து மிக்சர், காத்தையும் கேஸையும் கலக்குற துண்டு. ஃபில்டர் வாயில ஹோஸச் சொருகுறது ஆகாது, காத்தும் கேஸும் சரியா கலக்காது, ஃபில்டர் எண்ணெயும் கேஸ் லைனுக்குள்ள ஏறும். ஃபில்டருக்கும், இன்ஜினுக்குள்ள காத்து போற வாயான மேனிஃபோல்டுக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் பைப் துண்டு ஒண்ணு, ரெண்டு பக்கமும் போல்ட் போடுற தட்டு (பிளேஞ்ச்), அதுக்குக் குறுக்க ஒரு இஞ்ச் குழாய், குழாய்ல இன்ஜினப் பாத்த பக்கம் ஓட்டை. லேத்துல 1,400 ரூபா வாங்குனாங்க. ஓட்டைய நான்தான் 3 மில்லிமீட்டர்ல நாலு போதும்னு சொன்னேன், ஓட்டை சின்னதா இருந்தா கேஸ் வேகமா பீச்சி நல்லா கலக்கும்னு ஒரு நெனப்பு. மஞ்சத் தண்ணி டியூப்ப மிக்சருக்கு முன்னாடி மாட்டுனா பிரஷர் இருக்கு, ஆனா கேஸ் பத்தல. நம்ம கிட்ட இருக்குறதே 9 செ.மீ தண்ணி அளவு பிரஷர், அத ஊசி ஓட்டையில செலவழிச்சா என்ன மிஞ்சும்? திரும்ப லேத்துக்குப் போயி 5 மில்லியில எட்டு ஓட்டையா மாத்துனோம், 150 ரூபா. அதுக்கப்புறம் ஒழுங்கா போச்சு.

இடையில ஒரு வாரம் இன்ஜின் திக்கித் திக்கி ஓடுச்சு, காலையில மட்டும், வெயில் ஏறுனா சரியாயிரும். காரணம் தண்ணி. சாணக் கேஸ் ஈரமாத்தான் வரும், ராத்திரி குளுர்ல பைப்புக்குள்ள தண்ணியா மாறி வாய்க்காலுக்கு அடியில பைப் பள்ளமா போற எடத்துல தேங்கிருச்சு. அங்க ஒரு டீ ஜாயின்ட் போட்டு கீழ ஒரு சின்ன வால்வு வெச்சு, தெனம் ஓட்டுறதுக்கு முன்னாடி திறந்து விட்டுர்றேன். ஒரு டம்ளர் வரும் சில நாள்.

சரி, கேஸ் வந்துருச்சு. டீசல்ல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் சூடாக விட்டு, தண்ணி லோடு ஏறுனதுக்கு அப்புறம் வால்வக் கொஞ்சங் கொஞ்சமா திறந்தேன். அந்தச் சத்தம் மாறுறத நீங்க கேக்கணும், டீசல்ல ஒரு கரகரப்பு இருக்கும்ல, அது மெத்துனு ஆயிரும், டீசல் பம்புல டீசல் அளவக் கூட்டிக் குறைக்கிற ராக் கம்பி மெதுவா உள்ள நகர்றது கண்ணுக்கே தெரியும். எனக்கு அன்னிக்கு ஆசை அடங்கல. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு திறந்துக்கிட்டே போனேன், ஒரு எடத்துல ராக் பூராவும் மூடி டீசலே போகல, பத்த வெக்க ஆளில்லாம கேஸ் எரியாம வெளிய போச்சு, வேகம் பொசுக்குனு இறங்குச்சு, கவர்னர் டீசலத் திறந்துச்சு, திரும்ப வேகம் ஏறி திரும்ப மூடுச்சு, இப்படி ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி கடைசியில சைலன்சருக்குள்ள சேந்த கேஸ் பட்டாசு மாதிரி வெடிச்சு மாடு கயித்த இழுத்துக்கிட்டு நின்னுச்சு. கொஞ்சம் பின்வாங்கி ஆட்டம் நிக்கிற எடத்துல வால்வ வெச்சேன். பாட்டில்ல 100 மில்லி 28 நிமிஷம். மணிக்கு 1.16 லிட்டர் குடிச்சது 214 மில்லிக்கு வந்துருச்சு, 81 சதவீதம் மிச்சம். அந்த நெம்பர்லதான் நான் மயங்குனது. டிரம் 15 நிமிஷத்துல 31 செ.மீ இறங்குனத நோட்டுல எழுதித்தான் வெச்சேன், யோசிக்கல.

கேஸச் சுத்தம் பண்ணுற ஃபில்டர் கதையும் சொல்லிர்றேன். சாணக் கேஸ்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சம் இருக்கும், அழுகுன முட்டை நாத்தம் அதோடதுதான், எரிஞ்சா ஆசிட் மாதிரி ஆயி புஷ், பேரிங், இன்ஜின் ஆயில் எல்லாத்தையும் அரிக்கும். துருப்பிடிச்ச இரும்பு வழியா விட்டா துரு அதப் பிடிச்சுக்கும். நான் மொதல்ல பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருவது வாங்கி பைப்புல அடைச்சேன், அது எவர்சில்வர், துருவே பிடிக்காது, வேலை செய்யல. அப்புறம் லேத்துல இருந்து இரும்புச் சுருள் ஒரு சாக்கு, நூறு ரூபா, சோப்புத்தூள் போட்டு எண்ணெய் போகக் கழுவி, மொட்டை மாடியில பரப்பி அஞ்சு நாள் தண்ணி தெளிச்சு தெளிச்சு செங்கல் கலர்ல துரு ஏற விட்டு, நாலு இஞ்ச் பிவிசி பைப் மூணடியில லேசா அடைச்சேன். வேலை செய்யுதான்னு பாக்க செம்புக் கம்பிதான் சோதனை. ஒயர்ல இருந்து செம்புக் கம்பி ரெண்டு துண்டு எடுத்து உப்புத்தாள்ல பளபளன்னு தேச்சு, ஒண்ண ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ண பின்னாடி கேஸ்ல காட்டுனேன். முன்னாடி வெச்சது கொஞ்ச நேரத்துலயே புளி போட்டுத் தேய்க்காத பழைய குடம் மாதிரி கருத்துருச்சு, பின்னாடி வெச்சது அப்படியே இருந்துச்சு. ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா பின்னாடி வெச்சதும் கருக்கும், அப்ப சுருள எடுத்து காத்துல காயப் போட்டா திரும்ப துருவாகும். அங்கதான் கவனம். மொதத் தடவை எடுத்து சிமென்ட் சாக்கு மேல கொட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன், வந்து பாத்தா சாக்கு கருகுன வாசம், கைய வெக்க முடியல, அந்தச் சூடு. காத்து பட்டதும் அது தன்னால சூடாகும், வைக்கோல் படப்பு பக்கத்துல கொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் பதறுது. இப்பல்லாம் எடுத்ததும் நேரா தண்ணி வாளியில போட்டு, அப்புறம் வெறுந்தரையில மெல்லிசா பரப்பி தண்ணி தெளிச்சுக்கிட்டே காய விடுறேன்.

60 மணி நேரம் சொச்சம் ஓடிருக்கும். ஒரு நாள் கேஸ் கம்மியா இருந்துச்சுன்னு டீசல்ல மட்டும் ஓட்டுனா ஸ்டார்ட்டே ஆகல, ஆள் மாத்தி ஆள் கைப்பிடி சுத்தி எடுத்தா கருகருன்னு புகை. மாமா வந்து நாசிலக் கழட்டி வெளிச்சத்துல காட்டுனாரு. நுனியில மூணு ஓட்டை, ஒண்ணு கரி பிடிச்சு அடைஞ்சே போச்சு, இன்னொண்ணு பாதி, நுனி நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. "டீசல் ஓடுனாத்தான் மாப்ள நாசிலுக்குக் குளிர்ச்சி, நீ அதுக்குத் தண்ணி காட்டாம நெருப்புல நிறுத்தி வெச்சுட்ட"ன்னாரு. உண்மைதான், நாசில் வழியா போற டீசல்தான் அத ஆத்துது, அஞ்சுல ஒரு பங்கா குறைச்சா நுனி காஞ்சு கரி பிடிக்கும். புது நாசில் 850, டெஸ்ட் பெஞ்ச்ல வெச்சு பிரஷர் செட் பண்ண 300.

அன்னிக்கு ராத்திரி நோட்ட எடுத்து வெச்சு உக்காந்தேன். ஒரு கன மீட்டர் கேஸ் எத்தனை டீசல மிச்சப்படுத்துதுன்னு வகுத்துப் பாத்தேன், சூட்டுக் கணக்குப்படி ஒரு கன மீட்டர் சாணக் கேஸ் அரை லிட்டருக்கு மேல, 0.55ல இருந்து 0.6 லிட்டர் டீசலுக்கு ஈடு. எனக்கு 28 நிமிஷ செட்டிங்ல கிடைச்சது 0.38 லிட்டர். மூணுல ஒரு பங்கு எங்கயோ போகுது. எங்க போகுதுன்னு பாக்கணும்ல.

எனக்கு ஒரு பங்காளி, வண்டிக்குப் புகை டெஸ்ட் எடுக்குற நிலையம் வெச்சுருக்காரு. ஞாயித்துக்கெழம ரெண்டு மெஷினையும் ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்தாரு, டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி பாக்குறது ஒண்ணு, பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பாக்குறது ஒண்ணு. வீட்டு கரண்ட்ல ஒயர் இழுத்து சைலன்சர்ல குழாயச் சொருகி பொறுமையா ஒரு காலைப்பொழுது பூரா எடுத்தோம். டீசல் மட்டும்: புகை அடர்த்தி 58 ஹார்ட்ரிட்ஜ் (அந்த மெஷினோட அளவு), மோனாக்சைடு 0.06 சதவீதம், எரியாம போற ஹைட்ரோகார்பன் 40 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 40 பங்கு. பழைய டீசல் வண்டிக்கே 65தான் லிமிட்டு, அப்ப 58 ஒண்ணும் பெருமைப்படுற நெம்பர் இல்ல. கேஸ் குடுத்து 15 நிமிஷத்துல 100 மில்லி போற மாதிரி வெச்சோம்: புகை 22, மோனாக்சைடு 0.21, ஹைட்ரோகார்பன் 410. அப்புறம் அளவு பாக்கன்னு பத்தே நிமிஷம் பழைய 28 நிமிஷ செட்டிங்: புகை 17, மோனாக்சைடு 0.34, ஹைட்ரோகார்பன் 900.

இதப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கண்ணுக்குத் தெரியிற கரும்புகை குறைஞ்சத வெச்சு சுத்தமா ஓடுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன், கண்ணுக்குத் தெரியாதது இருவது மடங்குக்கு மேல ஏறிருக்கு. இதுலயும் அந்த பெட்ரோல் மெஷின் பெட்ரோல்ல இருக்குற ஹெக்ஸேனுக்கு அளவு வெச்சது, மீத்தேன முழுசா பிடிக்காது, அதனால நெசமா போற மீத்தேன் அந்த நெம்பரவிட கூடத்தான். மீத்தேன் சும்மா போறது சாதாரண விஷயம் இல்லைங்க, நூறு வருஷக் கணக்குல பாத்தா எடைக்கு எடை கரியமில வாயுவ விட 28 மடங்கு கிட்ட சூட்டப் பிடிச்சு வெக்கும். சாணிய வீணாக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச வேலையில நானே கேஸ வானத்துக்கு விட்டா அதுல என்ன நியாயம். நைட்ரஜன் ஆக்சைடு பாக்க அந்த மெஷின்ல வசதி இல்ல, டூயல் பியூயல்ல பொதுவா அது டீசலவிட கம்மியாத்தான் வரும்.

எரியாம போறதுக்குக் காரணம் கலவை ரொம்ப மெலிசா இருக்குறது. மீத்தேன் காத்துல 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா தீ தானா பரவாது. 553 சிசி, நிமிஷத்துக்கு 750 தடவை இழுக்குது, மணிக்கு 21 கன மீட்டர் கிட்ட காத்து உள்ள போகுது. அதுல 15 நிமிஷ செட்டிங்ல நான் குடுக்குற கேஸ் 1.76 கன மீட்டர், அதுல மீத்தேன் மட்டும் பாத்தா சுமார் 5 சதவீதம், விளிம்புலதான் நிக்குது. கம்ப்ரஷன் சூட்டுல இந்த எல்லை கொஞ்சம் விரியும், இருந்தாலும் டீசல் பீச்சுற எடத்தச் சுத்தி நல்லா எரியும், ஓரத்துல இருக்குறது தப்பிச்சுப் போகும். டீசலையும் ரொம்பக் குறைச்சா தீக்குச்சியும் சின்னதாயிருது, அதுதான் அந்த 900.

மாமா சொன்ன வைத்தியம் டைமிங், அதாவது டீசல் பீச்சுற நேரம். சாணக் கேஸ் மெதுவா எரியும், அதனால கொஞ்சம் முன்னாடியே பத்த வெச்சா நல்லது. டீசல் பம்புக்கு அடியில இருக்குற ஷிம்ம, அந்த மெல்லிசுத் தகட்ட, எடுத்தா பீச்சுறது முந்தும். ரெண்டு ஷிம் எடுத்தோம், டங் டங்னு தட்டல், அதுவும் டீசல்ல மட்டும் ஓடுறப்ப ரொம்ப. உடனே ஒண்ணத் திரும்பப் போட்டோம், தட்டல் போச்சு. இப்ப அதே 15 நிமிஷம் 20 செகண்டுக்கு கால் மணி நேரத்துல முன்ன 22 செ.மீ இறங்குன டிரம் 19.5 தான் இறங்குது. கன மீட்டருக்கு 0.44 லிட்டர்ல இருந்து 0.49 லிட்டர் ஆச்சு. அரை லிட்டரத் தொட்டுட்டோம்னு மாமா முகத்துல அன்னிக்கு ஒரு சந்தோஷம், எனக்கு அது போதும்.

அதே டைமிங்ல புல் வெட்டுற மெஷின ஓட்டிப் பாத்தேன். லோடு கம்மி. டீசல்ல மட்டும் 100 மில்லி 8 நிமிஷம் 40 செகண்ட், கேஸ் குடுத்தா 16 நிமிஷம். நல்லாத்தான இருக்குன்னு தோணும், டேப்பப் பாருங்க, மணிக்கு 1.2 கன மீட்டர் கேஸ் போகுது, கன மீட்டருக்கு 0.26 லிட்டர்தான் மிச்சம். பாதிக்குக் கூட பிரயோஜனம் இல்ல. பங்காளி மெஷின்ல ஹைட்ரோகார்பன் 980. லோடு இறங்குனா கேஸையும் குறைக்க வேண்டியிருக்கு, காத்து மட்டும் அதே 21 கன மீட்டர், அப்ப கலவை இன்னும் மெலிஞ்சு 3 சதவீதம் சொச்சத்துக்கு வந்துருது. காத்து வழியில பாதிய தகரத்தால மறைச்சுப் பாத்தேன், 980 கொஞ்சம் இறங்குச்சு, ஆனா தகரத்த எடுக்க மறந்துட்டு அடுத்த நாள் டீசல்ல ஓட்டி கரும்புகை தள்ளிருச்சு. முடிவா இப்ப புல் வெட்டுறப்ப கேஸே குடுக்குறதில்ல. தண்ணி எடுக்குறப்ப, முழு லோடுல மட்டும்தான் கேஸ். இத யாரும் எனக்கு முன்னாடியே சொல்லிருந்தா ஒரு மாசம் மிச்சம்.

பயப்பட வேண்டிய எடங்களையும் எழுதிர்றேன், சின்னப் பசங்க இருக்குற வீடு நெறைய. ஃபில்டர் போட்டதுக்கு அப்புறம் கேஸுக்கு நாத்தமே இருக்காது, அதுதான் பெரிய ஆபத்து. ஒரு நாள் இன்ஜின நிறுத்திட்டு இன்ஜின் பக்க வால்வ முழுசா மூடாம ரூம் கதவச் சாத்திட்டுப் போயிட்டேன், சாயந்தரம் டிரம் ஏன் தரையில கிடக்குன்னு அம்மா கேட்டப்பதான் உறைச்சுச்சு. கேஸ் பூராம் அந்த ரூமுக்குள்ள, ஒரு வாசமும் இல்ல. மீத்தேன் 5ல இருந்து 15 சதவீதம் இருந்தா ஒரு பொறி போதும். தூரத்துல இருந்து கதவத் தள்ளி விட்டுட்டு ஒரு மணி நேரம் யாரையும் கிட்ட விடல. அதுக்கு அடுத்த நாளே ரூமோட ரெண்டு பக்கச் செவத்த மேல மூணடி உடைச்சு கிராதி போட்டாச்சு. வால்வு ரெண்டு, டிரம் பக்கம் ஒண்ணு இன்ஜின் பக்கம் ஒண்ணு. நிறுத்துறப்ப டிரம் பக்கம் மூடிட்டு, லைன்ல இருக்குற கேஸ் தீந்து சத்தம் கரகரப்பா மாறுனதுக்கு அப்புறம்தான் இன்ஜின நிறுத்துறது. ஸ்டார்ட் எப்பவும் டீசல்ல. மிக்சருக்கு முன்னாடி பித்தளை வலை நாலு மடிப்பு, தீ திரும்பி லைனுக்குள்ள ஏறாம இருக்க. மாசம் ஒருக்கா ஜாயின்ட்டுக்கெல்லாம் சோப்புத் தண்ணி. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் கார் சிஎன்ஜி சிலிண்டர இதே மிக்சர்ல மாட்டலாமான்னு கேட்டாரு, வேணவே வேணாம்ணேன்னு சொல்லிட்டேன், அது 200 பார், நம்ம டிரம்ல இருக்குறது 9 செ.மீ தண்ணி, ரெண்டும் வேற உலகம்.

செலவு: வீணான ஹோஸ் 900, கருப்பு பைப் 2,200, மிக்சர் ரெண்டு தடவைக்கும் சேத்து 1,550, வால்வு 700, ஃபில்டர் பைப்பும் மூடியும் 650, சுருள் 100, பித்தளை வலை 200, நாசில் 1,150, ஷிம் வேலைக்கு மாமா வேணாம்னு சொல்லியும் கையில திணிச்சது 500. மொத்தம் 7,950. செவரு உடைச்சது நானும் தம்பியும், கிராதி பழசு. இப்ப தண்ணி எடுக்குற நாள்ல 1 மணி 10 நிமிஷம் கேஸ்ல ஓடுது, 900 மில்லி டீசல் மிச்சம், 84 ரூபா. மாசத்துல 19 நாள் பாய்ச்சுறோம், 1,600 ரூபா கிட்ட. அஞ்சு மாசத்துல போட்ட காசு வந்துரும். இன்ஜின் ஆயில முன்னாடி மாதிரி விடாம 100 மணி நேரம் ஓடுனதுமே மாத்துறேன், அந்தச் செலவு தனி. டிரம்ல அம்மா சிவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சுருக்காங்க, "இதுக்குக் கீழ இறங்குனா அடுப்புக்குத்தான், இன்ஜினுக்கு இல்ல"ன்னு சொல்லிட்டாங்க, அந்தக் கோடு வந்ததும் நானும் மூடிருவேன்.

திரும்பப் பண்ணுனா மொதல்ல யூ டியூப்பையும் டேப்பையும் வெச்சுட்டுத்தான் பைப்பே வாங்குவேன். பாட்டில் 16 நிமிஷத்தத் தாண்டுனா வால்வக் குறைக்கணும்ங்கிறத முதல் நாள்ல இருந்தே வெச்சுருப்பேன், நாசில் தப்பிச்சுருக்கும். ஃபில்டர ரெண்டு பைப்பா போட்டு மாத்தி மாத்தி ஓட்டுற மாதிரி செய்வேன், இப்ப சுருள் காயுற ரெண்டு நாளும் கேஸ நிறுத்த வேண்டியிருக்கு. காத்து வழிக்குத் தகரத்துக்குப் பதிலா கைப்பிடி வெச்ச மூடி ஒண்ணு லேத்துல சொல்லிருக்கேன், கேஸ் வால்வோட அதையும் ஒரே கம்பியில கோத்துட்டா மறக்க முடியாது, 600 ரூபா கேக்குறாங்க. அது வந்ததும் பங்காளிய மெஷினோட திரும்பக் கூப்பிடணும், புல் வெட்டுறப்ப அந்த 980 எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும்.